உறங்கும் இடத்தின் உயரம்: ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தின் லடாக் பயணத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் லடாக் செல்ல விரும்பிய செங்காங் குடும்பம் ஒன்றின் பயணத் திட்டமே இவ்வாய்வின் பொருள். குடும்பத்தில் ஐவர். தஞ்சாவூரிலிருந்து வேலைக்காக வந்து நிரந்தரவாசியான கணவர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மனைவி, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன், நீண்டகால வருகை அனுமதியில் அவர்களோடு தங்கியிருக்கும் கணவரின் தாயார். தாயாருக்கு வயது 68. பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர், சைவ உணவுக்காரர், அந்த வீட்டில் வேறு எவரையும்விடப் பயண ஆர்வம் மிகுந்தவர். லடாக் என்ற யோசனையை முதலில் சொன்னவரும் அவரே.

திட்டத்தைச் சரிபார்த்துத் தருமாறு அவர்கள் என்னிடம் வந்தபோது, நண்பர் ஒருவர் அனுப்பிய ஏழு நாள் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. முதல் நாள் டெல்லியிலிருந்து லே நகருக்கு விமானம். இரண்டாம் நாள் கார்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் அங்கிருந்து ஷியோக் ஆற்றோரமாகப் பாங்கோங் ஏரி, அங்கேயே இரவுத் தங்கல். நான்காம் நாள் சாங் லா கணவாய் வழியாக லே. எஞ்சிய நாள்களில் மடாலயங்கள். இணையத்தில் கிடைக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை இதே வரிசையில்தான் இருக்கின்றன. இந்தியாவின் மலையூர்களிலிருந்து செல்லும் இளைஞர்களில் சிலர் இதைத் தாங்கிக்கொள்ளலாம். நாட்டின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான் என்னும் தீவிலிருந்து, 68 வயது மூதாட்டியையும் பதினொரு வயதுச் சிறுவனையும் அழைத்துச் செல்பவர்களுக்கு இது பொருந்தாது.

பட்டியலின் கோளாறு

அந்தப் பட்டியல் பார்க்கவேண்டிய இடங்களைச் சாலைகளின் வசதிப்படி அடுக்கியிருந்தது. உடலுக்கு முக்கியமான எண்ணோ வேறு. அது ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமும், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயுவும், கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. கார்துங் லாவில் அது ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. (அக்கணவாயின் பழைய அறிவிப்புப் பலகைகளிலும் பனியன்களிலும் காணப்படும் 5,602 மீட்டர் என்ற எண் சரியன்று. பிற்காலத்து அளவீடுகள் அதை 5,359 மீட்டர் என்றே காட்டுகின்றன. குறைந்த எண்ணைச் சொன்னதும் சிறுவனின் முகம் வாடியது.)

உயர்மலை மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வது எளிய கணக்குதான். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின் உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டவேண்டும்; மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓர் இரவு தங்கவேண்டும். பகலில் உயரமான கணவாயைக் கடந்து சென்று தாழ்வான இடத்தில் உறங்குவது, உயரத்திலேயே உறங்குவதைவிடப் பாதுகாப்பானது. நண்பரின் பட்டியலை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 3,100 மீட்டரில் உள்ள நுப்ராவிலிருந்து 4,200 மீட்டரைத் தாண்டிய பாங்கோங் கரைக்கு ஒரே நாளில் உறங்கும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுகிறது. அதுவும் வந்து சேர்ந்த மூன்றாம் இரவில். ஏரிக்கரையில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்தால், லே மருத்துவமனையை அடைய இருளில் ஐந்து மணி நேரம், அதுவும் சாங் லாவின் மீதேறிச் செல்லவேண்டும். உயரத்தில் உயிர்வாயு குறைவதால் வரும் உயர்மலை நோய்க்கு உடனடி மருந்து கீழே இறங்குவது. இங்கோ இறங்குவதற்கே முதலில் ஏறவேண்டியிருக்கிறது. இந்த ஒன்றைக் கேட்டபின் கணவர் அந்தப் பட்டியலை மறுபடி எடுக்கவில்லை.

காலமும் வழியும்

சிங்கப்பூர்ப் பெற்றோருக்குத் தேர்வு குறைவு. மார்ச், செப்டம்பர் விடுமுறைகள் ஒரு வாரமே; ஆண்டிறுதி விடுமுறையில் லடாக் உறைபனியில் இருக்கும். எனவே ஜூன்தான். ஜூன் முதல் பாதியில் பகல் வெயில் இதமாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். கணவாய்களில் பனி விழுவதும் சாலை சில மணி நேரம் மூடப்படுவதும் இயல்பு. ஹெமிஸ் மடாலயத்தின் புகழ்பெற்ற முகமூடி நடனத் திருவிழா திபெத்திய நாள்காட்டியின் ஐந்தாம் மாதத்துப் பத்தாம் நாளை ஒட்டி வருவதால், சில ஆண்டுகளில் ஜூனிலும் சில ஆண்டுகளில் ஜூலையிலும் விழுகிறது. இவர்கள் செல்லவிருந்த தேதிகளில் அது இல்லை.

வழி குறித்து நீண்ட விவாதம் நடந்தது. ஸ்ரீநகரிலிருந்து சோனாமார்க், கார்கில், லாமாயுரு வழியாகச் சாலையில் ஏறுவது உடலுக்கு நல்லது. உயரம் படிப்படியாகக் கூடும். ஆனால் சோஜி லா கணவாயின் வளைவுகளில் இரண்டு நாள் உட்கார்ந்து வருவது மூட்டுவலி உள்ள மூதாட்டிக்குக் கடினம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் பாதுகாப்பு நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் பயணக் காப்புறுதியிலும் கேள்விகள் எழுந்தன. மணாலி வழிச் சாலை லே நகரைவிட மிக உயர்ந்த கணவாய்களைக் கடந்து வருவதால், பழகாத உடலுக்கு அது முதல் தேர்வாகவே இருக்கக்கூடாது என்பது என் கருத்து. ஆகவே டெல்லி வழியாக விமானம். டெல்லியில் ஓர் இரவு தங்குவது உயரத்திற்குப் பழக உதவாது. அந்நகரம் ஏறத்தாழ 200 மீட்டர்தான். இரவு முழுவதும் விழித்திருந்து மலையில் இறங்குவதைத் தவிர்ப்பதற்காகவே அந்தத் தங்கல்.

விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் 3,000 மீட்டர் ஏறுவதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது முதல் இரவு உறங்கும் இடத்தை. லே விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லாமல், சிந்து நதியோடு மேற்கே இறங்கிச் சென்றால், ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் ஆல்ச்சி கிராமம் வருகிறது. அதன் உயரம் ஏறக்குறைய 3,100 மீட்டர். லே நகரைவிட 400 மீட்டர் தாழ்வு என்பது தாளில் சிறிதாகத் தெரியும். முதல் இரவின் உறக்கத்தில் அது பெரிய வேறுபாடு. அதனால் முதல் மூன்று இரவுகளை ஆல்ச்சிக்கே ஒதுக்கினேன்.

ஆல்ச்சியில் மூன்று நாள்

பொதுவாக ஆல்ச்சியைப் பயணிகள் லாமாயுரு செல்லும் வழியில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உடல்நலத்துக்காக மூன்று நாள் அங்கே தங்கவேண்டியிருந்ததே இப்பயணத்தின் பண்பாட்டுப் பகுதியைக் காப்பாற்றியது என்பேன்.

லடாக்கின் மடாலயங்கள் பெரும்பாலும் குன்றுச்சியில் இருக்கும். நூறு இருநூறு படிகள் ஏறியே ஆகவேண்டும். ஆல்ச்சி கோயில் வளாகமோ ஆற்றையொட்டிய சமதளத்தில், ஆப்ரிகாட் மரங்களுக்கிடையே இருக்கிறது. மூதாட்டி கோலூன்றி மெல்ல நடந்தே சென்று வந்தார். அங்குள்ள மூன்றடுக்குக் கோயிலான சும்த்செக் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதைத் தீட்டியவர்கள் காஷ்மீரிலிருந்து வந்த கலைஞர்கள். அக்காலக் காஷ்மீரின் ஓவியம் காஷ்மீரிலேயே ஏறக்குறைய முற்றிலும் அழிந்துவிட்டது. அதன் சாயலைக் காணவேண்டுமானால் இந்தப் பாலைவனக் கிராமத்துக்குத்தான் வரவேண்டும். உள்ளே மூன்று மாடக்குழிகளில் ஆளுயரத்தை மிகவும் மிஞ்சிய மூன்று போதிசத்துவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் இடுப்பில் கட்டியிருக்கும் வேட்டிகளே ஓவியத் திரைகளாக இருக்கின்றன. அவலோகிதேசுவரரின் வேட்டியில் கோயில்களும் மாளிகைகளும், மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை நிகழ்வுகளும், மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 சித்தர்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே ஒளிப்படம் எடுக்க அனுமதி இல்லை, வெளிச்சமும் குறைவு. கண் பழகவே சில நிமிடங்கள் ஆகும். முதல் நாள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்ட மகள், மறுநாள் தானாகவே பாட்டியுடன் திரும்பிச் சென்றாள். பதினெண் சித்தர்களை அறிந்த பாட்டிக்கு 84 என்ற எண் புதிது. ஒவ்வொரு சித்தரையும் தேடி இருவரும் நெடுநேரம் நின்றதாக அவள் தாயார் சொன்னார்.

மற்றொன்று தண்ணீர். இமயத்தின் மழைமறைவில் இருப்பதால் லே பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். இங்கே பார்லியும் கோதுமையும் விளைவது பனியாற்று நீரால். உருகிவரும் ஓடை சிறு வாய்க்கால்களில் பிரிந்து, இரவில் குளத்தில் தேங்கி, பகலில் வயலுக்குத் திறக்கப்படுகிறது. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று முறைவைத்துப் பங்கிடும் பொறுப்பை ஊரார் ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள்; அவருக்குச் ‘சுர்போன்’ என்று பெயர். இதை விளக்கியபோது மூதாட்டி, “எங்கள் ஊரில் வயலுக்கு நீர் விடும் நீர்க்கட்டி மாதிரிதானே!” என்றார். அதன்பின் அவருக்கும் தங்குமிடத்து வீட்டுக்கார அம்மாவுக்கும் இடையே, மருமகளின் அரைகுறை இந்தியில், மடை திறப்பதைப் பற்றியும் வாய்க்கால் சண்டைகளைப் பற்றியும் நடந்த உரையாடலுக்கு எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இடமில்லை. வசந்தத்தில் விதைக்கும் நேரத்தில்தான் நீர் குறைவு, கோடையில் பனி முழுவதும் உருகியபின் அது மிகுதி. இந்த முரணைத் தீர்க்க லடாக்கின் பொறியாளர் சோனம் வாங்சுக் 2013ஆம் ஆண்டின் குளிர்காலம் முதல் முயன்ற, குளிர்கால நீரைப் பனியாகச் சேமிக்கும் கூம்பு வடிவப் பனித்தூபிகளைப் பற்றிச் சிறுவன் அறிந்துகொண்டதும் அங்கேதான். பள்ளி அறிவியல் பாடத்துக்கு அது நேராகப் பயன்பட்டது.

சமையல் பற்றி ஒரு குறிப்பு அவசியம். 3,500 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். மூதாட்டிக்காக எடுத்துச்செல்லவிருந்த சிறிய மின்சாரச் சோற்றுப்பானை அங்கே அரிசியை வேகவைக்காது என்று சொல்லி, அதை வீட்டிலேயே விட்டுவரச் செய்தேன். அங்குள்ள வீடுகளில் பிரஷர் குக்கர் இருக்கிறது. வேகவைத்த காய்களும் கையால் கிள்ளிய மாவுத்துண்டுகளும் சேர்ந்த ‘ஸ்க்யூ’ இறைச்சியில்லாமலும் கிடைக்கும். உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை ஒருவரும் இரண்டாம் கோப்பை கேட்கவில்லை.

மருந்தும் காப்புறுதியும்

புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே ஐவரையும் பயண மருத்துவரிடம் அனுப்பினேன். பலதுறை மருந்தகத்தில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் குறிப்புகளையும் மூதாட்டி எடுத்துச் சென்றார். உயர்மலை நோயைத் தடுக்கப் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது அசெட்டசோலமைடு; ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி நாளுக்கு இருமுறை 125 மில்லிகிராம். அதற்குச் சிறுநீரைப் பெருக்கும் தன்மை உண்டு. இரத்த அழுத்தத்திற்கு ஏற்கெனவே அத்தகைய மாத்திரை எடுப்பவர்களுக்கு மருத்துவர் அளவை மாற்றவேண்டியிருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். ஆகவே, தெரிந்தவர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கத்தக்க மாத்திரை அன்று இது. விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு வரும், சோடா பானங்களின் சுவை கெட்டுப்போகும் என்று முன்பே தெரிந்திருந்தால் வீண் அச்சம் இல்லை.

மூதாட்டி 3,500 மீட்டருக்கு மேல் உறங்கவேண்டாம் என்றும், 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களைத் தவிர்ப்பது நல்லது என்றும் மருத்துவர் கூறினார். மருமகள் தயங்கினார். “அத்தை, நீங்கள் வராமல் நாங்கள் மட்டும் எப்படிப் போவது?” என்று கேட்டார். அவர் சற்றும் வருந்தவில்லை. “நீங்கள் போய்விட்டு வாருங்கள். எனக்கு லே கடைத்தெருவே போதும்” என்றார். தாயாருடன் கணவர் லேயில் தங்குவது, மருமகளும் பிள்ளைகளும் நுப்ரா செல்வது என்று அப்போதே முடிவாயிற்று. எவருக்கேனும் உடல் நலிந்தால் யார் அவருடன் இறங்குவது என்பதையும் பெயர் குறித்து எழுதிவைக்கச் சொன்னேன். மலையில் அந்த விவாதத்தை நடத்த நேரமும் இருக்காது, தெளிவும் இருக்காது.

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீடுதோறும் இலவசமாக வழங்கிய உயிர்வாயு அளவி (ஆக்சிமீட்டர்) இவர்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது. எடுத்துச் செல்லலாம், ஆனால் குளிர்ந்த விரலில் அது பிழையாகக் காட்டும். லேயில் நலமாக இருப்பவர்களுக்கும் எண் 90ஐ ஒட்டியே நிற்கும். அந்த எண்ணைவிடத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், ஓய்விலும் தீராத மூச்சிரைப்பு ஆகியவற்றையே கவனிக்கவேண்டும் என்று வலியுறுத்தினேன். பயணக் காப்புறுதி ஒப்பந்தத்தில் உயர வரம்பு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலக்கு உண்டா, விமானம் மூலம் மீட்பதற்கான செலவு அடங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. இவர்கள் முதலில் எடுத்த ஒப்பந்தம் மூதாட்டியின் இரத்த அழுத்தத்தை விலக்கியிருந்தது, அதை மாற்றினார்கள்.

அனுமதிச் சீட்டுகள்

ஒரே குடும்பத்தில் இருவகைக் கடப்பிதழ்கள் இருந்ததால் இங்கே கவனம் தேவைப்பட்டது. ஆல்ச்சிக்கும் லேக்கும் தனி அனுமதி வேண்டியதில்லை. நுப்ரா, பாங்கோங் போன்ற எல்லையோரப் பகுதிகளுக்கு வெளிநாட்டவர் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியை, லேயில் பதிவுபெற்ற முகவர் வழியாக, குறைந்தது இருவர் கொண்ட குழுவாகப் பெறவேண்டும். வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தியா செல்ல விசா தேவையில்லை. ஆனால் இந்த அனுமதியிலிருந்து விலக்கு இல்லை. மனைவி இதை அறிந்திருக்கவில்லை. அவரும் பிள்ளைகளும் சேர்ந்து மூவர் என்பதால் எண்ணிக்கையில் சிக்கல் எழவில்லை. சோதனைச் சாவடிகளில் கொடுப்பதற்கு அனுமதியின் நகல்கள் பலவற்றை லேயிலேயே எடுத்துக்கொள்ளவேண்டும். பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் அட்டைகள் லடாக்கில் வேலை செய்யாது. கணவரின் அண்ணன் தஞ்சாவூரிலிருந்து தம் போஸ்ட்பெய்ட் இணைப்பு ஒன்றைக் கொடுத்து உதவினார்.

நடந்தது

ஆல்ச்சி நாள்கள் திட்டப்படியே கழிந்தன. சிறுவனுக்கு முதல் இரவில் மட்டும் லேசான தலைவலி. நான்காம் நாள் லே திரும்பியதும் சிக்கல் வந்தது, அதுவும் எவரும் எதிர்பாராத இடத்தில். பள்ளி வலைப்பந்து அணியில் ஆடும் மகள், தனக்கு ஒன்றும் ஆகாது என்ற துணிவில், சாந்தி தூபிக்குச் செல்லும் ஏறத்தாழ 500 படிகளைத் தம்பியோடு பந்தயம் வைத்து ஏறினாள். அன்றிரவு கடும் தலைவலி, இரண்டு முறை வாந்தி. உடல் உறுதிக்கும் உயர்மலை நோய்க்கும் தொடர்பில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் இளையர்கள் நம்புவதில்லை. புறப்படுமுன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் மாடிப்படிகளை நாள்தோறும் ஏறிப் பயிற்சி செய்ததையே அவள் சான்றாகக் காட்டியிருந்தாள். அது கால்களுக்கு நல்லது. இரத்தத்தைக் குறைந்த உயிர்வாயுவுக்குப் பழக்காது.

சோனம் நோர்பு நினைவு மருத்துவமனையில் பரிசோதித்து, ஓய்வும் நீராகாரமும் போதும், தலைவலி முற்றிலும் தீரும்வரை மேலே செல்லவேண்டாம் என்றார்கள். திட்டத்தில் விட்டுவைத்திருந்த வெற்று நாள் ஒன்று அப்போது பயன்பட்டது. அதனுடன் நுப்ராவின் மூன்று இரவுகளில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவேண்டியிருந்தது. அதனால் 1971 போருக்குப்பின் இந்தியாவின் பகுதியான பால்ட்டி மக்களின் துர்துக் கிராமம் பயணத்திலிருந்து விழுந்துவிட்டது. எனக்கு அதுவே இத்திட்டத்தின் பெரிய இழப்பு. பிள்ளைகளுக்கோ, இந்தித் திரைப்படம் ஒன்றால் புகழ்பெற்ற பாங்கோங் ஏரியைத் தொடக்கத்திலேயே நீக்கியதுதான் கடைசிவரை ஆறவில்லை.

மகள் ஓய்வெடுத்த அந்த நாளில் மூதாட்டியும் கணவரும் லே பழைய நகரில் சுற்றினர். சிங்கே நம்க்யால் மன்னர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஒன்பதடுக்கு அரண்மனையின் அடியில், அதே நூற்றாண்டைச் சேர்ந்த பள்ளிவாசலும், பௌத்தக் கோயிலும், மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் வணிகர்கள் வந்துபோன சந்துகளும் நெருக்கமாக இருக்கின்றன. காரகோரம் கணவாயின் வழி நடந்த அந்த வணிகம் நின்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதன் எச்சமாக நுப்ராவின் ஹுந்தர் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் இருக்கின்றன. இன்று அவை பயணிகளைச் சுமக்கின்றன. கோலூன்றி நடக்கும் வேகத்தில் பார்த்ததாலோ என்னவோ, அந்தச் சந்துகளைப் பற்றி மூதாட்டி சொன்ன விவரங்கள் மற்ற நால்வரும் சொன்னதைவிட அதிகம்.

கார்துங் லாவில் புதுப்பனி விழுந்து சாலை காலையில் மூன்று மணி நேரம் மூடப்பட்டது. எல்லைச் சாலை அமைப்பினர் பனியை அகற்றியபின் வாகனங்கள் விடப்பட்டன. கணவாயின் உச்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவேண்டாம் என்ற சொல்லை மகள் இம்முறை தவறாமல் கடைப்பிடித்தாள். ஹுந்தரில் இரண்டு இரவுகளும் அவளுக்கு நல்ல உறக்கம். திஸ்கித் மடாலயத்தின் கீழே பாகிஸ்தான் எல்லைப்பக்கம் நோக்கி அமர்ந்திருக்கும் 32 மீட்டர் மைத்ரேயர் சிலையை மூவரும் பார்த்துத் திரும்பினர்.

லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே புறப்பட்டுவிடும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும். வெப்பம் ஏறினால் மெல்லிய காற்றில் விமானத்தின் தூக்குதிறனும் குறையும். ஒரு நாள் விமானம் ரத்தானால் அடுத்த நாளுக்குத்தான். இதை மனத்தில் வைத்து, லே–டெல்லிப் பயணத்துக்கும் டெல்லி–சிங்கப்பூர்ப் பயணத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விட்டிருந்தோம். அதை வீண் செலவு என்று கணவர் பலமுறை குறைகூறியிருந்தார். புறப்படவேண்டிய காலையில் மேகம் தாழ்ந்து விமானம் ரத்தாயிற்று. மறுநாள் காலை விமானத்தில் டெல்லி வந்து, அன்றிரவே சாங்கிக்குப் புறப்பட்டனர். டெல்லியில் செங்கோட்டை பார்ப்பதாக இருந்த திட்டம் கைவிடப்பட்டது. 40 டிகிரி வெயிலில் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

துர்துக்குக்காக மீண்டும் செல்லவேண்டும் என்று இப்போது கேட்பது மகள். பள்ளி நாள்காட்டி இடந்தராததால் அவள் உயர்கல்விக்குச் செல்லும்வரை அது கடினம். அதற்குள் சாலையில் ஏறும் ஸ்ரீநகர் வழி அவர்களுக்கு ஏற்றதாகிவிட்டால், லாமாயுருவையும் ஆல்ச்சியையும் முன்னே வைத்து, நுப்ராவில் நான்கு இரவுகளுடன் புதிய திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாங்கோங் அதிலும் இல்லை.